பறவை போன பிறகு

கும்மிடிப்பூண்டியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். நான் செய்து கொடுத்த தொட்டி ஒழுகியது என்று ஒருவனும் சொன்னதில்லை. கோணலாக நிற்கிறது என்று சொல்ல இன்னும் எவனும் பிறக்கவில்லை. ஆர்.கே.பேட்டையில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, லாரியின் பின்னால் ஏறி வந்தவன் நான். வெல்டிங் பட்டறையில் எடுபிடியாக நுழைந்தேன். இன்று இந்தப் பக்கத்து ஃபேக்டரிகளில் பாதிக்கு மேல் என் தொட்டிகள்தான் நிற்கின்றன. ரசமட்டம் எனக்குத் தேவையில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் நூலளவு பிசகினாலும் சொல்லிவிடுவேன். இன்ஜினீயர்கள் ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார்கள், பிறகு நிமிர்ந்து என்னைப் பார்ப்பார்கள்.

அப்படிப்பட்ட என்னிடம்தான் அந்த அம்மா, "கடல் சாயுதுணா" என்றார். முகம் தெரியாத ஆளாக, வாட்ஸ்அப்பில், இரண்டே வார்த்தை.

அந்த அம்மாவின் பெயரை இங்கே எழுதமாட்டேன். தன் படம் நாலு பேர் பார்க்கிற இடத்தில் வருவதே அவருக்குப் பிடிக்காது. பெயர் மட்டும் பிடிக்குமா? என் போனில் 'காலிப்படம்' என்று போட்டு வைத்திருந்தேன். என் வீட்டுக்காரி போனில் 'பாட்டில் தங்கச்சி'. இரண்டு போனிலும் அந்த எண் இன்னும் அழிக்கப்படாமல் கிடக்கிறது.

என் பையன் பட்டறையைப் பார்க்க ஆரம்பித்த பிறகு, நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வெல்டுக்கும் குற்றம் சொல்கிறேன் என்று அவனுக்குக் கோபம். பெரிய கேமரா ஒன்றை வாங்கிக் கையில் கொடுத்து, "நைனா, பழவேற்காட்டுப் பக்கம் போயி நாலு பறவைய புடி" என்று அனுப்பிவிட்டான். என்னைத் துரத்துவதற்காக வாங்கின கேமரா என்று பட்டறையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஒரு மழைக்காலம் முடிவதற்குள், பூநாரை றெக்கையை விரிக்கும்போது உள்ளே தெரிகிற சிவப்பை எடுத்துக் காட்டினேன். படித்தவர்கள் வருஷக்கணக்காக முயற்சி செய்தும் கிடைக்காதது அது.

பொன்னேரியில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் ஒருவர் எங்களைப் போன்ற ஆட்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறார். ஏரி, கடற்கரை, முகத்துவாரம், அங்கே வருகிற பறவைகள், இவை மட்டும்தான் அதில் வரலாம். குட் மார்னிங் பூங்கொத்து போட்டால் நீக்கிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் படம் போட வேண்டும். பார்க்கிறவர்கள் ஒரு நல்லது, ஒரு குறை சொல்ல வேண்டும். இதுதான் சட்டம். நல்லதை எல்லாரும் சொல்வார்கள். குறை சொல்ல வேண்டிய இடத்தில் "குறையே இல்லணா" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கும் அதுதான் சரியாகப்பட்டது.

நான் போட்ட முதல் படத்தில் லைட்ஹவுஸ் குப்பத்துக் கடற்கரையில் ஓர் ஆலாப் பறவை, மண்ணில் பாதி புதைந்த உடைந்த படகின் மூக்கில் உட்கார்ந்திருந்தது. பின்னால் கடல். அதற்குத்தான் "கடல் சாயுதுணா" என்று வந்தது. குழுவில் இருந்த கல்லூரி வாத்தியார் ஒருவர், "அம்மா தொடுவானத்தைச் சொல்றாங்க" என்று எனக்கு விளக்கம் வேறு சொன்னார். படத்தை அச்சுப் போட்டு, பட்டறை மேஜைமேல் பரப்பி, விளிம்பிலிருந்து அளந்து பார்த்தேன். இடது பக்கம் இறங்கித்தான் இருந்தது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விட்டான். வாய்விட்டுச் சிரித்திருந்தால் தேவலாம்.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அன்றைக்கே அவரிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது.

"எங்க நின்னீங்கணா?"

சொன்னேன். அந்த வாரத்திலேயே ஒரு படம் வந்தது. அதே கடற்கரை, அதே உடைந்த படகின் மூக்கு, பின்னால் கடல். ஆலா இல்லை. கடல் மட்டமாக இருந்தது. அப்போதே போன் போட்டேன்.

"இன்னாம்மா இது? என் பறவ எங்க?"

"அது போய்ட்டுதுணா."

"போனது எனக்குத் தெரியாதா? வெறும் படகையும் தண்ணியையும் எதுக்கு எனக்கு அனுப்பற?"

"நீங்க நின்ன எடத்துலயே நின்னுதாணா எடுத்தேன். சரியா கீதான்னு பாத்துச் சொல்லுங்க."

சரியாகத்தான் இருந்தது. என் படத்தையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பறவை இருக்கும், இருக்காது, இருக்கும், இருக்காது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அவர் எல்லாருக்கும் இப்படித்தான் செய்வார் என்று பிறகு மெடிக்கல்காரர் சொன்னார். யார் படம் போட்டாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான். இடம் சொல்லாவிட்டாலும் மரத்தை வைத்து, கழியை வைத்து, கரையின் வளைவை வைத்துக் கண்டுபிடித்துப் போய்விடுவார். பறவை போன பிறகு, நண்டு வளைக்குள் இறங்கின பிறகு, படகு கிளம்பின பிறகு அந்த இடத்தை எடுத்து, போட்டவருக்குப் பதிலாக அனுப்புவார். ஒரு நல்லது, ஒரு குறை என்றெல்லாம் கிடையாது. காலியான அந்த இடம்தான் அவர் சொல்லும் கருத்து.

அந்த அம்மாவை நேரில் பார்த்தது சுண்ணாம்புக்குளத்துப் பக்கம், ஏரிக்கரையில். கூட்டமாக நின்ற பூநாரைகளை எடுத்துவிட்டுத் திரும்பினால், மொபெட்டில் சாய்ந்தபடி ஓர் அம்மா எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். சுடிதார், காலில் ஃபேக்டரி ஷூ, கழுத்தில் நூலில் கோத்த சின்னச் சிலுவை, கையில் ஒரு பழைய கேமரா. ஐம்பது வயது இருக்கும். பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

"நீங்க முடிங்கணா. எனக்கு அவசரம் இல்ல" என்றார்.

"நீ எடுக்கல? இந்தக் கூட்டம் இனிமே இந்த வருஷத்துக்குக் கெடைக்காது."

"அதுங்க போவட்டும்."

நானும் உட்கார்ந்துவிட்டேன். காத்திருப்பது என் பிறவிக்கே ஆகாத வேலை. டாக்டர் வீட்டில்கூட டோக்கனை மதிக்காமல் உள்ளே போகிறவன். ஆனாலும் அன்றைக்கு உட்கார்ந்தேன். பேச்சுக்கொடுத்ததில் கொஞ்சம் தெரிந்தது. கவரைப்பேட்டையில் ஒற்றை அறையில் குடியிருந்தார். பெற்றவர்கள் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இவர் கண்ணாடி பாட்டில் கம்பெனி ஒன்றில் சோதிக்கும் பிரிவில் வேலை பார்த்தார். வெளிச்சப் பலகைக்கு முன்னால் காலி பாட்டில்கள் வரிசையாகப் போகும். கீறல், குமிழி இருந்தால் எடுத்துப் போட்டுவிட வேண்டும். நாள் முழுக்க அதுதான் வேலை.

"கண்ணு நோவாதாம்மா?"

"கீறல் இருந்தா கண்ணு அதுல நிக்கும்ணா. நோவாது. நல்ல பாட்டில்லதான் பேஜாரு. கண்ணுக்கு நிக்க எடமே இருக்காது. ஊடால பூந்து அந்தாண்ட போயிடும்."

"அந்தாண்ட இன்னா கீது?"

"ஒன்னும் இல்ல" என்றார். பன் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பறவைகள் எழும்பின. வானமே சிவந்தது. நான் எழுந்து படபடவென்று எடுத்துத் தள்ளினேன். அவர் கேமராவைத் தொடவில்லை. சத்தம் அடங்கி, தண்ணீரில் கடைசி வளையமும் கரைக்கு வந்து சேர்ந்த பிறகு, நான் நின்ற இடத்தில் தன் ஷூவைப் பொருத்திவைத்து நின்று, ஒரே ஒரு படம் எடுத்தார்.

"இதுல இன்னாம்மா கண்ட?" என்றேன்.

"நீங்க கெளம்பின பிறகும் இது இங்கதானே கீது. அத யாருணா பாக்கறது?"

கேமரா மூடியைத் தேடி எடுத்துப் பொருத்தினேன்.

குழுவில் அவரைப் பற்றிப் பல கதைகள். பிள்ளை முகத்துவாரத்தில் போய்விட்டானாம் என்றார் ஒருவர். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை என்றார் இன்னொருவர். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. நேராகவே கேட்டேன். "எனக்கு யாரும் சாவலணா. அண்ணன் தம்பிங்க நல்லா கீறாங்க. கல்யாணம் நான்தான் வாணாம்னுட்டேன்" என்று சிரித்தார். ஏதாவது ஒரு சாவு இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகுதான் பெஞ்சு விஷயம் நடந்தது.

மெடிக்கல்காரர் தன் அப்பாவைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், அங்கிருந்த சிமென்ட் பெஞ்சில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்துப் போட்டார். பெரியவரின் தோளுக்கு மேலே கடற்பறவைகள். தன் சட்டத்தைத் தானே கொஞ்சம் வளைத்த படம்தான், ஆனாலும் நல்ல படம். "எங்க நின்னீங்க" என்று கேள்வி வந்தது. சொன்னார். சில நாளில் பதில் வந்தது. பெஞ்சு, கடல், வேறு ஒன்றும் இல்லை. அந்த மாதமே பெரியவர் தூக்கத்தில் போய்விட்டார்.

குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை. ஆனால் எனக்குத் தனித்தனியாகப் போன் வந்தது. "அந்தம்மா கண்ணு சரியில்லணா." "நீக்கச் சொல்லுங்கணா, நீங்க சொன்னா மெடிக்கல்காரரு கேப்பாரு." ராகு காலத்தில் பட்டறை பூஜை போட்டவன் நான். அஷ்டமியில் புது மெஷின் இறக்கியவன். எல்லாரையும் வாயை மூடச் சொன்னேன். என் பேச்சுக்காகத்தான் அவரைக் குழுவில் வைத்திருந்தார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. அதுதான் நடந்தது.

அவரைக் கூப்பிட்டும் கேட்டேன்.

"பெரியவரு போனதுக்கு நான் இன்னாணா பண்ணுவேன்?" என்றார். பிறகு, "நான் போனப்ப பெஞ்சி சூடா இருந்துச்சி. தொட்டுப் பாத்துட்டுத்தான் எடுத்தேன்" என்றார்.

"வெயிலு சூடும்மா அது."

"ஆமாணா. வெயிலுதான்."

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்த வியாதி தொற்றியது. தொட்டியை லாரியில் ஏற்றி அனுப்பின பிறகு, அது நின்ற இடத்தில் சிமென்ட் தரையில் வட்டமாகத் துரு படிந்திருக்கும். இத்தனை வருஷம் அதை மிதித்துக்கொண்டு போனவன், இப்போது ஓரமாகச் சுற்றிப் போனேன். என் பையன் அதைப் பார்த்துவிட்டு, "நைனா, கோலமா அது?" என்று கேட்டான்.

இந்த நேரத்தில் என் வீட்டுக்காரிக்கு நெஞ்சில் அடைப்பு வந்து, ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்துக் கூட்டி வந்தோம். உடம்பு தேறினதும், "கடலப் பாக்கணும்" என்றாள். லைட்ஹவுஸ் குப்பத்துக்கே கூட்டிப் போனேன். புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அலையில் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். எடுத்துவிட்டேன். கடல் நூல் பிடித்த மாதிரி மட்டமாக இருந்தது. என் வாழ்நாளில் நான் எடுத்த சிறந்த படம் அதுதான். அந்த மட்டத்தைக் காட்ட வேண்டும் என்ற ஆசையில், எதையும் யோசிக்காமல், ஞாயிறு காலையில் குழுவில் போட்டேன்.

கட்டைவிரல்கள் குவிந்தன. நடுவே அது வந்தது.

"கடல் நல்லா நிக்குது. எங்க நின்னீங்கணா?"

அவர் வாயால் நல்லது என்று வர நான் ஏங்கிக் கிடந்தேன். வந்துவிட்டது. ஆனால் பின்பாதியைப் படித்ததும் எழுந்துவிட்டேன். வாசலுக்குப் போய் நின்று, உள்ளே கேட்காத குரலில் போனில் பேசினேன்.

"இந்த ஒரு படத்த உட்டுடும்மா. அங்க போவாத."

"அக்காவுக்கு இன்னா ஆச்சி?" என்றார்.

சொன்னேன்.

"சரிணா. போவல."

அவர் சொன்னால் சொன்னதுதான். ஆனாலும் போன் சிணுங்கும்போதெல்லாம் ஓடிப்போய் எடுத்துப் பார்த்தேன். என் வீட்டுக்காரி எழுந்து சமையலறைக்குப் போனால் அவள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்ப்பேன். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நிற்பேன். அவள் கண்டுபிடித்துவிட்டாள். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அவ அனுப்பாம இருந்தா மட்டும் நீ நிம்மதியா கீறியா? நாய் மாரி பின்னாலயே சுத்திகினு கீற."

"உனக்கு இன்னா தெரியும்."

"நான் நகுந்தா அந்தாண்ட இன்னா கீதுன்னு எனக்கும் தெரிய வாணாமா? எல்லாப் படத்துலயும் நானே முன்னாடி மறச்சிகினு நிக்கிறேன். அந்தப் பொண்ண நாஷ்டாவுக்கு வரச் சொல்லு."

வந்தார். இட்லி தின்றார்கள். இரண்டு பேரும் என்னைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள் என்பது, நான் உள்ளே போனதும் பேச்சு நின்றதில் தெரிந்தது. அன்றைக்கே மூன்று பேரும் காரில் கடற்கரைக்குப் போனோம். நான் இறங்கவில்லை. நான் நின்ற இடத்தைக் கையைக் காட்டிச் சொல்லிவிட்டு, காரிலேயே வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

அவர் எடுத்த படத்தை என் வீட்டுக்காரிதான் காரில் ஏறினதும் நீட்டினாள். வெறும் கடல். அவள் நின்ற இடத்தில் அலை நுரைத்திருந்தது. எனக்கு ஒன்றும் செய்யவில்லை. ஏனென்றால், அதை எடுக்கும்போது அவள் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று அந்த அம்மாவுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தாள். காலியாக இருந்த அந்த இடத்தை அவளே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"இன்னா அழகா கீது, பாரு. நான் இல்லாததே தேவல" என்றாள்.

படம் எடுத்து முடித்ததும் அந்த அம்மா ஷூவைக் கழற்றிவிட்டு, என் வீட்டுக்காரி நின்ற அதே இடத்துக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றாராம். இவள் தன் போனில் அதைப் பிடித்திருக்கிறாள். அவரிடம் காட்டியபோது, "கடல் சாயுதுக்கா" என்று சிரித்துவிட்டு, "குரூப்ல போடாதீங்க" என்றாராம். அவருடைய படம் என்று உலகத்தில் எங்களுக்குத் தெரிந்து அது ஒன்றுதான். முகம் தெரியாது. முதுகு, பின்னல், தூக்கிச் சொருகிய பேன்ட், சாய்ந்த கடல்.

என் வீட்டுக்காரி இன்றைக்கும் நன்றாக இருக்கிறாள். போனது அவர்.

மஞ்சள்காமாலை. நாட்டு மருந்து சாப்பிட்டுக்கொண்டே வேலைக்குப் போயிருக்கிறார். முடியாமல் போய்ச் சென்னைக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்துவிட்டது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரி அனுப்பின செய்தி ஒற்றை டிக்கோடு நின்றது. மறுநாளும் ஒற்றை டிக். "போய்ப் பாத்துட்டு வா" என்றாள். கவரைப்பேட்டைக்குப் போனேன். வீட்டு ஓனரம்மா அறையைத் திறந்து வைத்துச் சுண்ணாம்பு அடிக்க ஆள் பேசிக்கொண்டிருந்தார். அண்ணன் தம்பிகள் வந்து சாமான்களை எடுத்துப் போய்விட்டார்களாம். கேமராவைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை.

நான் நிலைப்படியில் நின்று உள்ளே பார்த்தேன். சுவரில் படம் மாட்டியிருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது. மொபெட் நின்ற இடத்தில் ஆயில் சொட்டு. பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன் போலிருக்கிறது.

"இன்னா சார், ரூமு வேணுமா?" என்றார் ஓனரம்மா.

குழுவில் சொன்னேன். கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. அடுத்த ஞாயிறு யாரோ மீன்கொத்திப் படம் போட்டார்கள். நல்லது வந்தது, குறை வந்தது. எங்க நின்னீங்க என்று வரவில்லை. அந்த மீன்கொத்தியைப் பார்க்கவே எனக்கு என்னவோபோல் இருந்தது. அது போன பிறகு அந்தக் கிளையை இனி யாரும் பார்க்கப் போவதில்லை.

"அவ எல்லாருக்கும் செஞ்சத அவளுக்கு யாரு செய்யறது?" என்றாள் என் வீட்டுக்காரி.

போனோம். உடைந்த படகின் மூக்கு இன்னும் கொஞ்சம் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. என் வீட்டுக்காரியின் போனில் அந்த முதுகைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன்.

"எங்க நின்ன?"

கேட்ட பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று உறைத்தது. அவள் மணலில் குடையை ஊன்றிக் காட்டினாள். அங்கே நின்றேன். ஒரு குடும்பம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. போகும்வரை காத்திருந்தேன். அப்புறம் ஒரு நாய் வந்து படுத்தது. விரட்டவில்லை. அது எழுந்து போகும்வரையும் காத்திருந்தேன். பிறகு கேமராவைத் தூக்கினேன். என் கை தானாக மட்டத்துக்குப் போனது.

"சாய்ச்சிப் புடி. நான் சாய்ச்சிதான் எடுத்தேன்" என்றாள் பின்னாலிருந்து.

சாய்த்தேன். கை கேட்கவில்லை, நிமிர்ந்தது. திரும்பவும் சாய்த்தேன். என் தொழிலில் ஒருநாளும் நான் தெரிந்து செய்யாத காரியம். கட்டத்துக்குள் கடல் இடது பக்கம் இறங்கி நின்றது. அலை வந்தது. அவர் நின்ற இடத்துக்கு வந்ததும் கொஞ்சம் தயங்கி, இரண்டாகப் பிரிந்து போனது என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். அதனால் எழுதவில்லை. ஒரே ஒரு படம் எடுத்தேன்.

அவர் தன் படத்தைப் போடக்கூடாது என்றார், போடவில்லை. காலியான இடத்தை மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலையில் குழுவில் போட்டேன். அது யாருடைய இடம் என்று எழுதவில்லை. வாத்தியார் ஒரு கட்டைவிரல் போட்டார். மெடிக்கல்காரர் மட்டும் தன் சட்டப்படி எழுதினார். "நல்லது: வெளிச்சம். குறை: அண்ணே, கடல் சாயுது."

சாயங்காலம் என் வீட்டுக்காரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எவனாச்சும் கேட்டானா?"

"இன்னா?"

"எங்க நின்னேன்னு."

"இல்ல."

அவள் விளக்கு போட எழுந்து உள்ளே போனாள். நான் அவள் உட்கார்ந்திருந்த ஒயர் பின்னிய நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளமாக அமுங்கியிருந்த ஒயர், ஒவ்வொன்றாக, மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது.